அறுபது கணினிகளும் ஒரு வரியும்

குருவுக்கு முப்பத்தோரு வயது, சீடருக்கு ஐம்பத்துநான்கு. கணினி வேலையில் இதெல்லாம் சகஜம். அரக்கோணம் பக்கம் ஒரு தமிழ்த் தட்டச்சுத் தேர்வு மையம். அங்கே கணினிகளுக்குப் பொறுப்பு தமயந்தி. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் அழகேசன்.

முந்தின நாள் அவர் தனியாளாக அறுபது கணினிகளிலும் இன்ஸ்டால் செய்து முடித்திருந்தார். நடுவில் வரும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே ஃபைலில் பதில் எழுதி சர்வரில் போட்டுவிட்டார். எந்த மொழி, எந்த கீபோர்டு முறை, எதையும் கணினி யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு டீ கூடுதலாகக் குடித்தார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, சோதித்துப் பார்க்க, தேர்வு எழுத வந்த ஒருத்தியை உள்ளே விட்டார்கள். பூங்காவனம் என்று பெயர். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு. பழைய தட்டச்சு மிஷினில் பழகிய விரல்கள் மளமளவென்று ஓடின. திரையில் வந்ததை எந்தத் தமிழனாலும் படிக்க முடியாது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அதே குப்பைதான் வந்தது. கையைத் தூக்கி அழகேசனைக் கூப்பிட்டாள்.

அழகேசன் ஃபைலில் எழுதியிருந்தது தமிழ்99 என்கிற புது முறை; அதில் எழுத்துகள் வேறு விசைகளில் இருக்கும். தேர்வுக் கணினி பூட்டியிருக்கும், உட்கார்ந்த இடத்தில் முறையை மாற்ற முடியாது. திரும்ப இன்ஸ்டால் செய்ய நாற்பது நிமிடம் ஆகும். தேர்வு பத்து மணிக்கு.

தமயந்தியிடம் ஓடினார்.

"பழைய முறைன்னு மாத்தி எழுதிடறேன் மேடம். ஒரு வரிதான்."

"எல்லாருமே பழைய முறையா சார்?"

"பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்."

"நேத்து என்ன நினைச்சு புது முறைன்னு எழுதினீங்க?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்னு."

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அழகேசனுக்குப் பயத்தோடு கோபமும் வந்தது.

"அப்ப எது சரின்னு நீங்களே சொல்லுங்க. எழுதிடறேன்."

தமயந்தி ஃபைலைத் திறந்தாள். கீபோர்டு வரியை மட்டும் அழித்தாள். சேமித்தாள்.

"வரியே இல்லன்னா அறுபது மிஷினும் அந்த இடத்துல நின்னுடும் மேடம்."

"நிக்கட்டும்."

அவள் கதவைத் திறந்து வெளியே காத்திருந்தவர்களை அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னாள். கணினிகள் இன்ஸ்டாலை முதலிலிருந்து தொடங்கி, சொன்னபடியே அறுபதும் நின்றன. எந்த முறை என்று கேட்டு, கீழே ஒரு பட்டியல் காட்டின. பூங்காவனம் பார்த்தாள், தேர்ந்தெடுத்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு திரையாக நகர்ந்தது.

ஒன்பது பதினெட்டு. ஐம்பத்தொன்பது கணினிகளில் இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். அழகேசன் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மீசையைப் பார்த்தார். இந்த வயதுக்குப் பழைய முறையேதான். மீசைக்காரரின் தோளுக்கு மேலாகக் கீபோர்டுக்குக் கையை நீட்டினார்.

பின்னாலிருந்து தமயந்தி சொன்னாள்:

"அது உங்களைக் கேக்கல சார்."