பெருவிரலுக்கு எட்டிய கோயில்

"தப்பு போன் மேலதான். என் சைட்டுல ஒரு தப்பும் கிடையாது" என்றார் அதிசயராஜ்.

அவர் சீடர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

குரு ஹெப்சிபா. முப்பதுகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். சின்ன வகுப்புகளில் அவள் அவரிடம்தான் டிராயிங் படித்தாள். இப்போது ஓய்வுபெற்ற அந்த டிராயிங் மாஸ்டர், இணையதளம் உண்டாக்கக் கற்றுக்கொள்ள அவளிடம் வருகிறார்.

அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை டீச்சர் என்றார். இந்த விஷயத்தில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

"என்ன ஆச்சு சார்?"

"நேத்து ஞாயித்துக்கிழமை கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. நம்ம சைட்டைப் பெரிய திரையில போட்டுக் காட்டினோம். கோபுரம் என்ன, சபை வரலாறு என்ன, ஐயர் படம் என்ன! சனமெல்லாம் கை தட்டிச்சு."

தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சொல்வார்கள்.

"நல்ல விஷயந்தான சார்?"

"வீட்டுக்குப் போறேன், ரூபாவதி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா."

ரூபாவதி அவர் மனைவி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். ஒரு வருஷமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. விழுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறுகூட கோயிலைத் தவறவிட்டவள் இல்லை. அவளுக்காகத்தான் அதிசயராஜ் இந்த வயதில் மவுஸைப் பிடித்தார். நீ படுத்தே இரு, கோயிலை உன் கைக்குக் கொண்டு வாரேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவ போன்ல கோபுரத்தோட ஒரு மூலைதான் தெரிஞ்சுதாம். ஆராதனை முடியற வரைக்கும் அங்கயும் இங்கயும் தள்ளித் தள்ளிப் பாத்திருக்கா. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை பாப்பாளாம். அப்பவும் இப்படின்னா போனை எடுத்துட்டுப் போயிருங்க, கோயில் பேச்சையே எங்கிட்ட எடுக்காதீங்கன்னுட்டா."

அவருக்குப் பயமாக இருந்தது. கோயிலும் போய்விட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

"பெருசா ஒரு புது போன் வாங்கிக் கொடுத்துரலாம்னு பாக்கேன்."

"ஆன்ட்டி வேணும்னு சொன்னாங்களா?"

"வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கா. பெரிய போன் கை தவறினா நெஞ்சுல விழுதாம். ஒத்தக் கையில பிடிக்க இந்தச் சின்ன போன்தான் வசதியாம்."

ஹெப்சிபா தன் கம்ப்யூட்டரில் அவருடைய தளத்தைத் திறந்தாள். அது தெரிந்த விண்டோவின் ஓரத்தை மவுஸால் பிடித்து உள்பக்கமாக இழுத்தாள். போன் அகலம் வந்ததும் நிறுத்தினாள்.

கோபுரம் பாதி வெட்டுப்பட்டு நின்றது. சபை வரலாறு வெளியே போய்விட்டது. ஆராதனையைக் காட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அதை வைத்தவருக்கே தெரியவில்லை.

"இத்தனை நாளும் இப்படி ஒரு தடவை இழுத்துப் பாக்கலையா சார்?"

"நான் எதுக்கு இழுக்கணும்? என் திரை பெருசுல்லா."

*

மத்தியானம் மறுபடியும் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் வெற்றி.

"எல்லாத்தையும் சின்னதாக்கிட்டேன் டீச்சர். இப்ப முழுசும் போனுக்குள்ள அடங்கிரும். பாருங்க."

அடங்கித்தான் இருந்தது. கோபுரம், வரலாறு, படங்கள், ஒன்றும் பாக்கியில்லை.

"வாசிங்க சார்."

போனைத் தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"எழுத்தா, எறும்பா?" என்று அவரே கேட்டார்.

பிறகு கெஞ்சினார்.

"நீங்களே சரி பண்ணிருங்க டீச்சர். ஞாயிறு இந்தா வந்துரும்."

"சாயங்காலம் அசனம்லா?"

பண்டிகைக்கு மறுநாள் சபையார் எல்லோருக்கும் கோயிலில் சாப்பாடு. அதற்குப் பெயர் அசனம். வர முடிந்தவர்கள் பந்தியில் உட்காருவார்கள். மற்றவர்களுக்காக வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள்.

"ஆமா, அசனம்தான்."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"வருஷா வருஷம் பந்தி மேற்பார்வை. ஐயர் பக்கத்துல."

"இன்னைக்குப் பாத்திர வரிசையில நில்லுங்க. கரண்டி பிடிங்க."

"கோயில் சைட்டுக்கும் கரண்டிக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

ஹெப்சிபா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

*

முதலில் ஓர் அகலமான குண்டான் வந்தது.

அதிசயராஜ் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். மறுபக்கம் கறிக்குழம்பை ஊற்றினார். கத்திரிக்காய்க் கூட்டை ஓரமாகச் சாய்த்து வைத்தார். படம் வரைந்த கை அல்லவா, பார்க்க அழகாக இருந்தது. கொண்டுவந்தவர் அதைப் பார்க்காமலே மூடித் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு சொம்பு. அதே கையால் சோற்றை எடுத்துக் கழுத்துவரை நிரப்பினார்.

"சார், கொழம்ப எங்க ஊத்துவீங்க? என் தலையிலயா?" என்றாள் சொம்பு கொண்டுவந்தவள்.

வரிசை சிரித்தது. அவர் சோற்றைத் திரும்பக் கொட்டினார். கொஞ்சம் சோறு வைத்து அதன்மேல் குழம்பை ஊற்றினார். கூட்டுக்கு இடமில்லை.

"கூட்டு?"

"இடமிருந்தா வைங்க, இல்லன்னா விடுங்க. கறி விழுந்துதா? அது போதும்."

அதற்கடுத்து ஒருவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற டப்பாவை நீட்டினார். அதிசயராஜுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பெரிய பாத்திரமா கொண்டு வந்தா என்னவாம்?"

"வீட்ல இருக்கறதத்தான சார் கொண்டு வர முடியும்?"

அதிசயராஜுக்குச் சுருக்கென்றது. கரண்டி அப்படியே நின்றது. பின்னால் நின்றவர் "சார், ஆறிரும் சார்" என்று சொன்ன பிறகுதான் கை அசைந்தது.

ஒரு பெண் தூக்குவாளியை நீட்டினாள். பழக்கத்தில் சோற்றைப் போட்டுவிட்டார்.

"ஐயோ, சோறு வேண்டாம் சார். எங்க மாமாவால மெல்ல முடியாது. குழம்புச் சாறு மட்டும்தான் குடிப்பாங்க."

சோற்றை எடுத்தார். அதன்பிறகு யார் பாத்திரத்தை நீட்டினாலும் கரண்டியை உடனே முக்கவில்லை.

"யாருக்கு? என்ன வேணும்?" என்று கேட்டார்.

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை.

*

மறுநாள் சென்டர் கதவைத் திறக்க ஹெப்சிபா வந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் குழம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"டீச்சர், படம் திரை அளவுக்குத் தானா சின்னதாகணும். பக்கத்துல பக்கத்துல இருக்கறது சின்னத் திரையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரணும். எழுத்து மட்டும் சின்னதாகவே கூடாது. வழி இருக்கா?"

"இருக்கு சார்."

வழியை அவள் காட்டினாள். வேலையெல்லாம் அவர்தான் செய்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார்.

பிறகு அதுவும் போதாமல் தெருவுக்கு இறங்கினார். டீக்கடைக்காரர் போன், பஸ் நேரம் சொல்கிறவரின் விரிசல் விழுந்த போன், ஐயர் வீட்டு டேப்லெட், ஒன்றையும் விடவில்லை. டீக்கடைக்காரர் போனில் மாவும் எண்ணெயும் அப்பியிருந்தன. பஸ்காரர் போனில் வெயில் பட்டால் ஒன்றும் தெரியவில்லை. எழுத்தை இன்னும் கறுப்பாக்கினார். பொத்தானை இன்னும் பெரிதாக்கினார்.

"சாருக்குப் போன் இல்லையா, பாவம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் எல்லாம் சரியாக வந்தது. கம்ப்யூட்டரில் அகலமாக விரிந்து நின்றது. டேப்லெட்டில் அடக்கமாக நின்றது. போனில் ஒரே வரிசையாக இறங்கியது. அவருக்குத் தனக்குத் தானே கை தட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"ஒரே வரிசைன்னா, எது முதல்ல சார்?" என்றாள் ஹெப்சிபா.

"ஐயர் படம்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"சரி, சபை வரலாறு."

அவள் ஜன்னல் வழியாகப் பஸ்ஸைப் பார்த்தாள்.

"ஆராதனை. ஒரு தட்டுத் தட்டினா ஓடணும். அதுதான் முதல்ல."

"யாருக்கு?"

"ரூபாவதிக்கு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அதுல கேக்க என்ன இருக்கு? கட்டின பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

மூலையில் சாத்தியிருந்த அவருடைய குடையை எடுத்து ஹெப்சிபா அவர் கையில் கொடுத்தாள்.

*

"ரூபா, ஒண்ணு கேக்கேன்."

"கேளுங்க."

"கோயில் சைட்டுல உனக்கு முதல்ல என்ன வேணும்?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

"இப்பமாவது கேட்டீங்களே."

"ஆராதனைதான?"

"ஆராதனை எனக்கு எதுக்குங்க? கோயில் ஸ்பீக்கரை நம்ம ஜன்னலப் பாத்துத்தான கட்டியிருக்காங்க. பாட்டு, பிரசங்கம், நடுவுல ஐயர் இருமுறது வரைக்கும் கேக்கும்."

அதிசயராஜுக்கு இது தெரியாது. ஸ்பீக்கர் பேசுகிற நேரத்தில் அவர் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை.

"பிறகு ஞாயித்துக்கிழமை அவ்வளவு நேரமா எதைத் தேடின?"

"ஜெபக்குறிப்பை."

கோயில் வாசலில் ஒரு பெட்டி உண்டு. கஷ்டப்படுகிறவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். அதுதான் ஜெபக்குறிப்பு. பெயர் எழுதமாட்டார்கள். பெண்கள் சங்கத்தில் சிலர் அவற்றை எடுத்து உள்ளறையில் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். ரூபாவதி பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தவள். அந்த ஜெபம் மைக்கில் வராது.

"விழுந்த நாள்ல இருந்து யாரும் எங்கிட்ட அவங்க கஷ்டத்தச் சொல்லலங்க. வாராங்க, ஆரஞ்சு கொண்டு வாராங்க. எனக்காக ஜெபிக்காங்க, போயிருதாங்க. முழங்கால் போட முடியாதுதான். மனசும் வாயும் என்ன ஒடிஞ்சா போச்சு?"

அவள் கண் கலங்கியது. அவருக்கும் கலங்கியது. அவளுக்கு வேண்டியதை ஒரு வருஷமாகக் கேட்காமலே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

ஜெபக்குறிப்புக்கும் அவர் தளத்தில் இடம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில், ஐயருக்கு மட்டும் போகிற மாதிரி.

"அதைத் தூக்கி உச்சியில வச்சுருதேன்" என்றார்.

"உச்சியில வச்சா எட்டாதுங்க. ஒத்தக் கையிலதான பிடிக்கேன்? பெருவிரல் இங்கதான் நிக்கும்" என்று போன் திரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

*

ஐயரிடம் போய்ப் பேசினார். வருகிற குறிப்புகள் சங்கத்துப் பெண்களோடு ரூபாவதிக்கும் போகட்டும், பெயர் மட்டும் இருக்க வேண்டாம் என்று ஐயர் சம்மதித்தார். போன் திரையின் அடியில் ஜெபக்குறிப்புப் பொத்தான் எப்போதும் நிற்கும்படி அதிசயராஜ் செய்தார். அதைத் தட்டினால் கஷ்டப்படுகிறவர்கள் எழுதலாம், ஜெபிக்கிறவர்கள் வாசிக்கலாம். செய்து முடித்து ஹெப்சிபாவிடம் காட்டினார்.

"இது யார் சொல்லிக் கொடுத்தது சார்?"

"வேற டீச்சர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். அதிசயராஜ் பெஞ்சுக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு எதையோ எழுதினார். அனுப்பினார். பிறகுதான் கண்ணை மூடினார்.

வீட்டுக்கு வந்தபோது ரூபாவதி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வாசல் பக்கம் இருந்தது. போன் அவள் கையில் இருந்தது.

"வந்துதா?" என்றார்.

"வந்துது. ஒரு பிள்ளைக்குப் பரீட்சைப் பயம். ஒரு அம்மாகிட்ட வெளிநாட்டுல இருக்கற மகன் பேசமாட்டேங்கானாம். எல்லாருக்கும் ஜெபிச்சாச்சு."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒருத்தன் எழுதியிருந்தான். அவன் பொண்டாட்டி படுத்துக் கெடக்காளாம். எந்திரிச்சு நடக்கணுமாம். அவனுக்காகத்தான் ரொம்ப நேரம் ஜெபிச்சேன்."

"அவனுக்காகவா? அவளுக்காக இல்லையா?"

ரூபாவதி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்கென்ன, அவளுக்கு வேலை கெடச்சிருச்சு. அவன்தான் பாவம்."