மரத்தில் ஏறிய தெப்பம்

புகைக்கு வரி போட்டால் குளம் வற்றுமா? சிரிக்காதீர்கள், வற்றியது! செங்கரை நாட்டு ராஜா அனந்தகேசரியின் பெரிய குளம் அப்படித்தான் காய்ந்தது.

ஊரெல்லாம் சூளை, ஊரெல்லாம் இருமல். ராஜா புகைக்கு வரி போட்டார். நல்ல காரியம்தான், இருமல் குறைந்தது. ஆனால் மந்திரி திருமேனிநாதர் ஒரு சலுகை சேர்த்தார். "மரம் புகையைக் குடிக்கும் மகாராஜா! மரம் நட்டவனுக்கு வரி வேண்டாம்."

சூளைக்காரர்கள் விடுவார்களா? சீக்கிரம் வளரும் ஒரே ஜாதி மரமாகப் பார்த்துக் குளத்தைச் சுற்றி நெருக்கி நட்டார்கள். நாலே வருஷத்தில் மாடி உயரம். குளமோ வெடித்துக் கிடந்தது.

தெப்பத் திருவிழா நெருங்கியது. அதை நடத்துகிறவள் வடிவு. அவையிலேயே பெரிய வாயாடி.

"தண்ணி இல்ல மகாராஜா, தெப்பம் எப்படி விடுறது? மரமெல்லாம் குடிச்சிடுச்சு."

"மரமாவது, குளத்தைக் குடிக்கிறதாவது! வேலை செய்யச் சோம்பல், அதற்கு இப்படி ஒரு சாக்கு" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கோபம். "பௌர்ணமி அன்று இந்தக் குளத்துத் தண்ணீரின் மேல் தெப்பம் நிற்க வேண்டும். நான் ஏறி உட்கார வேண்டும். இல்லையென்றால் நீ நாட்டைவிட்டே போய்விடு!"

 வடிவு திருப்பிக் கேட்டாள். "இந்தக் குளத்துத் தண்ணி மேலதானே?"

"ஆமாம்."

"ஆகட்டும் மகாராஜா."

பௌர்ணமி. சாயங்காலம் ராஜா வந்து குளத்தைப் பார்த்தார். கட்டாந்தரை. அண்ணாந்து பார்த்தார். நாலு மர உச்சியில், கயிறு கட்டி, பூ சுற்றி, ஜம்மென்று நின்றது தெப்பம்! பக்கத்தில் ஒரு நீள ஏணி.

"என்ன கூத்து இது, வடிவு?"

"ஏறிப் பாருங்க மகாராஜா. நீங்கதானே உட்காரணும்னு சொன்னீங்க?"

சொன்ன சொல்லாயிற்றே! மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். வடிவு சத்தமில்லாமல் ஏணியை எடுத்துவிட்டாள்.

"தண்ணீர் எங்கேயடி?" என்று மேலிருந்து கத்தினார்.

"உங்களுக்குக் கீழதான்! குளத்துல இருந்தது இப்போ மரத்துல நிக்குது. அதுமேலதான் தெப்பம் விட்டிருக்கேன்."

"பொய், பொய்!" என்று குதித்தார் மந்திரி.

"மகாராஜா, கிழக்கால வண்ணார் குட்டை தெரியுதா?"

"தெரிகிறது. எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறது."

"அங்க சூளை கிடையாது. அதனால இந்த மரம் நட ஆளும் இல்ல. அதுக்கும் இதே மழைதானே பெஞ்சுது?"

ராஜா குட்டையைப் பார்த்தார். வெடித்த குளத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். தெப்பம் ஒரு பக்கம் சாய, பாய்ந்து கிளையைக் கட்டிக்கொண்டார்.

"திருமேனிநாதரே! புகை வரி இருக்கட்டும், உம்ம சலுகை போகட்டும். இனி எந்த மரம் நட்டாலும் அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றும் பாரும். குளத்தைச் சுற்றி நட்டதை நீரே நின்று வெட்ட வையும்!"

"ஏறினவர் இறங்கின பிறகு வெட்டச் சொல்லுங்க" என்றாள் வடிவு.

"அடி கெட்டிக்காரி! என்ன பரிசு வேண்டுமானாலும் கேள், தருகிறேன். முதலில் அந்த ஏணியைக் கொஞ்சம் எடுத்து வை, தாயே!"