பட்டைக்குள் ஒரு விரல்

"அவன் ஆண்மையை அறுக்க நான் யாரும்மா?"

ஆசிரமத்து வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார் மருதப்பன். கையில் சங்கிலி. அதன் மறுமுனையில் அவர் வளர்க்கும் ஆண் நாய் சடையன், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

கோமளவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் மருதப்பனைவிட இளையவர். ஆனாலும் மருதப்பனுக்கு அவர்தான் குரு.

"யார் அறுக்கச் சொன்னது?"

"மாட்டாஸ்பத்திரி டாக்டர். தெருவுல பெட்டை நாய் பருவத்துக்கு வந்தா இவன் சோறு தண்ணி தொடுறதில்லை. ஒரே ஊளை. ஆபரேஷன் பண்ணிட்டா அடங்கிடுவான்கிறார். என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எறும்பைக்கூட மிதிக்காதவன்மா நான். ஆண்டவன் கொடுத்ததை நாம எடுத்தா பாவமில்லையா?"

"அப்ப அவிழ்த்து விட்டுடுங்க."

"ஐயையோ! போன மாசம் சுவரேறிக் குதிச்சு லாரியில அடிபட இருந்தான். அதுலேர்ந்து கட்டியேதான் வச்சிருக்கேன்."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்தான். எல்லாம் அவன் நல்லதுக்கு."

அம்மா சடையனையே பார்த்தார். கழுத்தைச் சுற்றி ஈக்கள்.

"கழுத்துப் பட்டைக்குள்ள ஒரு விரல் போகுதான்னு பாருங்க."

மருதப்பன் குனிந்து, அடர்ந்த மயிரை விலக்கி விரலை விட்டார்.

விரல் ஈரத்தில் புதைந்தது.

சடையன் வீறிட்டான்.

வெடுக்கென்று கையை இழுத்தார் மருதப்பன். ரத்தம். சீழ். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

புழு.

தினமும் தடவிக் கொடுத்த தலை. நாலைந்து நாளாக அடித்த வாடையை, குளிப்பாட்டாத வாடை என்றல்லவா நினைத்திருந்தார்! தெருவைப் பார்த்து இழுத்து இழுத்து, பட்டை சதைக்குள் இறங்கியிருந்தது.

அம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். மண்டியிட்டு, வலிக்காமல், மெல்லப் பட்டையை நறுக்கினார். சடையன் அவர் கையை நக்கினான்.

மருதப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா... சத்தியமா நான் இவனை ஒண்ணுமே செய்யலையேம்மா!"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க. ஒண்ணுமே செய்யலை."