ஒன்றேகால் மீட்டர் துணி

தொழிற்சங்கத்தில் சேர்ந்த நெசவாளி மாரக்காளைத் தறிக்கூடத்திலிருந்து விரட்ட மேனேஜர் சபேசன் காரணம் தேடினார். ஜெர்மன் வியாபாரிக்காக கணினியில் எக்செல் கணக்கை அந்நாட்டு முறைக்கு மாற்றியிருந்தார்கள். அதில் ஆயிரத்துக்குப் பின் காற்புள்ளி வராது, புள்ளிதான் வரும். மாரக்காள் பெயருக்கு நேரே 1.250 என்றிருந்தது.

"மாசம் பூரா ஒன்னேகால் மீட்டர்தான் நெய்ஞ்சியா? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. வேலை போச்சு, கிளம்பு!"

"சரிங்க சார். அந்த ஒன்னேகாலைக் கிழிச்சு வச்சுக்கங்க. குடோன்ல நான் நெய்ஞ்ச மிச்சத் துணி உங்க கணக்குலயே இல்லீங்களே, எடுத்துட்டுப் போறேன்."

குடோனுக்குப் போய் முதல் துணிக்கட்டைத் தோளில் ஏற்றினாள். சபேசன் பதறி ஓடிவந்தார்.

"இறக்கு! உன் கணக்கு ஆயிரத்து இருநூத்தம்பது மீட்டர்!"

கூடமே சிரித்தது. மாரக்காள் கட்டை இறக்கினாள்.

"அப்ப நான் தறிக்குப் போகட்டுங்களா சார்?"

சங்கத்தின் முப்பது வருடத் துண்டறிக்கைகளுக்கு அசையாத நெசவாளர்கள், அன்று மாலை அதில் சேர வரிசையில் நின்றார்கள்.