பாறைச்சாமியின் குடம்

"சாமி, உங்களை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

கேட்டுவிட்டுச் சடையப்பன் ஓவென்று அழுதான். ஐம்பதைத் தாண்டிய ஆள், கிடா மாதிரி உடம்பு, குழந்தையாட்டம் விசும்பினான்.

கட்டிலில் கிடந்த பாறைச்சாமி மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"நான் எங்கடா போறேன்?"

அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

சற்று முன்தான் வைத்தியர் மருதப்பர் வந்து சாமியின் நாடியைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனால் உடம்பு கரைகிறது, வருகிற கார்த்திகைத் தீபத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று வாசலில் வைத்துச் சொன்னார். சொன்ன கையோடு, என்ன தோன்றியதோ, சடையப்பனின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார்.

"அட, இது உன் நாடிதானா?"

வைத்தியருக்கு வாயடைத்துப் போனது. போகாதா பின்னே? இதே சடையப்பனுக்கு ஒரு காலத்தில் நாள் குறித்தவர் அவர்தானே!

அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். சடையப்பன் டவுனில் எண்ணெய் மண்டி வைத்திருந்தவன். திண்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். தொப்பை முன்னால் போகும், அவன் பின்னால் போவான். நாலு எட்டு வைத்தால் இரைக்கும். இனி மருந்து வேலைக்காகாது என்று வைத்தியர் கைவிரித்ததும், சாவதுதான் சாகிறோம், ஒரு மகான் காலடியில் சாவோம் என்று மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அப்போது பாறைச்சாமியைப் பார்த்திருக்க வேண்டுமே! எண்பதை நெருங்கியவர். விடிந்தும் விடியாமல் மலைப்படி ஏறுவார். பாதி வழியில் இருக்கும் சுனையில் செப்புக்குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி வருவார். விறகையும் அவரே பிளப்பார். கார்த்திகைக்கு நெய்ப்பானையைத் தூக்கிக்கொண்டு உச்சிவரை போய்த் தீபம் ஏற்றுவார்.

சடையப்பனுக்கு மனசு பதறியது. இந்த வயசில் மகான் சுமப்பதா? போகிற காலத்தில் கொஞ்சம் புண்ணியம் சேர்ப்போமே என்று குடத்துக்குக் கை நீட்டினான்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்தியோடு செய்ய வருகிற பணிவிடையைக் குரு வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சாமியின் குருவுக்குக் குரு வைத்துவிட்டுப் போன விரதம் அது.

சாமி குடத்தைக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் சடையப்பன் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தான். குடத்தில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சம். ஆனாலும் விடவில்லை. அப்புறம் கோடாலிக்குக் கை நீட்டினான். அப்புறம் துடைப்பத்துக்கு. போன கார்த்திகைக்குச் சாமியையே டோலியில் உட்காரவைத்து, முன்கழியைத் தானே தாங்கி, உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பக்தியை ஊரே மெச்சியது.

இப்போது கட்டிலருகே வருவோம்.

"வைத்தியர் என் நாடியப் பாத்து அசந்துட்டாரு சாமி. எல்லாம் உங்க அருள். அது உங்களைக் காப்பாத்தாதா? நான் என்ன செய்யணும், சொல்லுங்க. உயிரைக் கேட்டாலும் குடுக்கறேன்."

"உன் உயிர் எனக்கெதுக்கு? எங்கிட்ட இருந்து எடுத்தியே, அதைத் திருப்பிக் குடு."

சடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானா? உங்ககிட்ட இருந்தா?"

"நீதான்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லியே சாமி!"

"நீ கேக்கலியே."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

சடையப்பன் தன் மூட்டையை உதறிப் பார்த்தான். சாமி கட்டிக் கழித்த காவித்துண்டு ஒன்று இருந்தது. பிரசாதமாக வைத்திருந்தான். அதைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தான்.

சாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கிழிஞ்சது. நீயே வெச்சுக்க."

ராத்திரி முழுக்க அவனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. போயும் போயும் நம்மைத் திருடன் என்று சொல்லிவிட்டாரே என்று மனசு வெந்தது. அந்த வேக்காட்டோடுதான் காலையில் சுனைக்குப் போனான். குடத்தை நிரப்பினான், தோளில் ஏற்றினான், விறுவிறுவென்று இறங்கினான்.

கீழே ஆட்டுக்காரப் பேச்சி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கண் பார்வை மங்கல். படியோரம் ஒதுங்கிக் கைகூப்பினாள்.

"சாமி, ஒடம்பு சொகமாயிட்டா? முடியாமக் கெடக்கீகன்னுல்ல சொன்னாக! அதே தோளு, அதே நடை. நீங்க நூறு வயசு இருப்பீக சாமி!"

சடையப்பன் நின்றான்.

தோளிலிருந்து குடம் நழுவியது. தண்ணீர் படிப்படியாக ஓடியது. அவன் தன் கைகளைப் பார்த்தான், கால்களைப் பார்த்தான். உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஐயோ, என் சாமி!"

வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கட்டிலருகே மண்டியிட்டு அதை நீட்டினான்.

சாமி குடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடம் நழுவிக் கீழே விழுந்தது. சடையப்பன் எடுக்கவில்லை. சாமிதான் குனிந்து எடுத்தார்.

அன்றைக்கு வெறுங்குடத்தோடு வாசல்வரை நடந்தார். இன்னொரு நாள் வேப்பமரம்வரை. மாசங்கள் போயின. ஒருநாள் சுனைவரை போய் அரைக்குடம் கொண்டுவந்தார். சடையப்பன் தனக்கென்று வேறொரு குடம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறி இறங்கினான். ஊரார் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். கிழவரை வேலை வாங்குகிறானே, பாவி!

கார்த்திகை வந்தது.

நெய்ப்பானை சாமியின் கையில். டோலி மூலையில். ஊர் முழுக்க அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது.

சாமி முன்னால், சடையப்பன் பின்னால், சுனையைத் தாண்டினார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான இடத்தில், சாமியின் கால் மடங்கியது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். மார்பு துருத்தி போல ஏறி இறங்கியது.

திரும்பிச் சடையப்பனைப் பார்த்தார்.

அவன் கை தானாக எழுந்தது. நீட்டினால் சாமி பிடித்துக்கொள்வார். மறுக்க அவருக்கு வழியில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

சடையப்பன் கையை இழுத்து மார்போடு இறுகக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

காற்று வீசியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சாமி முழங்காலில் ஒரு கையை ஊன்றினார்.

எழுந்தார் ஐயா, எழுந்தார்! மடங்கின கால் நிமிர்ந்தது. நெய் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எண்பதைத் தாண்டிய அந்தக் கால்கள் பாறையைப் பற்றிப் பற்றி ஏறுவதைப் பார்த்துச் சடையப்பன் மூச்சுவிட மறந்தான்.

உச்சியில் திரி பற்றிக்கொண்டது. கீழேயிருந்து அரோகரா சத்தம் மலையை அதிரவைத்தது.

வெளிச்சத்தில் சாமி திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே ஏறிவந்த சடையப்பன் இன்னும் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"கட்டின கையை அவுருடா," என்றார். "இப்ப கும்பிடு."