மூன்று கால் நாற்காலி

முன்னொரு காலத்தில் நொச்சிவள நாட்டை மகுடேசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். அவனுடைய மந்திரி ஆதிரையன் கணக்கில் புலி. அவைப்புலவர் கோதண்டருக்கோ மந்திரி பதவியின்மேல் வெகுநாளாக ஒரு கண்.

ஒரு விருந்தன்று, பூட்டிய போஜன மண்டபத்தின் வாசலில் எல்லோரும் நின்றிருந்தபோது கோதண்டர் மெல்ல ஆரம்பித்தார்.

“மன்னா, உள்ளே முக்காலியும் நாற்காலியுமாக இருபது ஆசனங்கள். கால்களை எண்ணிவிட்டுத்தான் வருகிறேன், மொத்தம் அறுபத்தேழு. முக்காலி எத்தனை, நாற்காலி எத்தனை? மந்திரியார் கதவைத் திறக்காமலே சொல்லட்டுமே!”

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. “பலே! சொல்லும் மந்திரி. தப்பினால் உம் பதவி கோதண்டருக்கு!”

ஆதிரையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மன்னா, இருபதும் முக்காலி என்றே வைத்துக்கொள்வோம். அறுபது கால் ஆயிற்று. மிச்சம் ஏழு கால். ஆளுக்கொன்றாக ஏழு முக்காலிக்குக் கொடுத்தால் அந்த ஏழும் நாற்காலி ஆகிவிடும். ஆக, நாற்காலி ஏழு, முக்காலி பதின்மூன்று.”

கதவு திறந்தது. காவலன் எண்ணினான். நாற்காலி எட்டு, முக்காலி பன்னிரண்டு!

“மந்திரியார் கணக்கு மண்ணைக் கவ்வியது!” என்று கோதண்டர் துள்ளினார். ராஜா முகம் சிவக்க, சுவரில் சாய்த்திருந்த பட்டுமெத்தை நாற்காலியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் மல்லாந்தான். கிரீடம் உருண்டு மோர்ப் பானைக்குள் விழுந்தது.

ஓடிப்போய் ராஜாவைத் தூக்கிவிட்ட ஆதிரையன், கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தான். போன உயிர் திரும்பி வந்தது.

“எட்டு நாற்காலிக்கு முப்பத்திரண்டு கால், பன்னிரண்டு முக்காலிக்கு முப்பத்தாறு. கூட்டினால் அறுபத்தெட்டு. புலவர் சொன்னதோ அறுபத்தேழு! குறைந்த கால் இதனுடையதுதான் மன்னா, இப்போதுதான் அறுத்திருக்கிறார்கள். மூன்று காலில் நிற்பதை நான் முக்காலி என்றுதானே எண்ணுவேன்?”

ராஜா திரும்பினான். கோதண்டர், “சும்மா... ஒரு விளையாட்டுக்கு...” என்று குழறினார்.

மோர் சொட்டும் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிரையன் கழுத்தில் போட்டான். “காலை எடுத்தவரே காலாக நிற்கட்டும்!” என்று உத்தரவிட்டான்.

விருந்து முழுக்கக் கோதண்டர் குந்தியிருந்து அந்த நாற்காலியின் மூலையைத் தாங்கினார். மேலே ஆதிரையன்.

“பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா, ஐயா?” என்றான் பரிமாறுகிறவன்.

“விடப்பா, அவசரமே இல்லை. ஆசனம் வெகு சுகமாக இருக்கிறது.”