ஏழு குத்துவிளக்கும் ஒரு விருந்தோலையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், எனக்கு அதற்கெல்லாம் இப்போது தெம்பு கிடையாது. ராஜ்ஜியம் சின்னது, ராஜாவின் வயிறு பெரியது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

உச்சிப்பொழுதில் இலை முன்னால் உட்கார்ந்தாரானால் வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். எல்லாம் சுடச்சுட வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் சோறு வடிக்க வேண்டும், குழம்பு தாளிக்க வேண்டும், வடை எண்ணெயில் விழ வேண்டும். இத்தனைக்கும் மடைப்பள்ளியில் ஆட்கள் இரண்டே பேர். பொக்கிஷதார் விருத்தகிரியார் அப்படியொரு சிக்கனக்காரர். சமைப்பதற்கு மாசிலாமணி, அரைப்பதற்கும் நறுக்குவதற்கும் அஞ்சலை. ஒரே அடுப்படியில் புகை குடித்துப் பழகிய அந்த இரண்டு பேருக்கும் ஒருநாள் கல்யாணம் நிச்சயமாயிற்று.

அரண்மனை விகடகவி சடையாண்டிக்கு அவர்கள் இருவருமே நல்ல சிநேகிதர்கள். சிநேகிதர்கள் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு தவிக்காத மனிதன் உண்டா சொல்லுங்கள். சடையாண்டி மூன்று நாள் கடைவீதியைச் சுற்றினான். பாத்திரக்கடைக்குப் போனால், ஊரில் பாதிப் பேர் குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சலித்துப்போய் மாசிலாமணியிடமே கேட்டுவிட்டான்.

"தம்பி, கல்யாணத்துக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே, நீங்க வந்தாப் போதும்."

அஞ்சலையிடம் கேட்டான். "உங்க இஷ்டம்ணே" என்றாள்.

இந்த இரண்டு பதில்களையும் கண்டுபிடித்தவனைப் பிடித்து நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. சடையாண்டி தலையில் கைவைத்துக்கொண்டு மடைப்பள்ளி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அதைப் பார்த்தான். விளக்கு வைத்தாயிற்று. ராஜா சாப்பிட்டு எழுந்துவிட்டார். மாசிலாமணி பானையடியில் ஒட்டியிருந்த ஆறிய சோற்றை நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். மிச்சத்தை வழித்து அஞ்சலை, அம்மிக்குப் பக்கத்தில் நின்றபடி தின்றாள்.

"ஏன்டா, உக்காந்து சூடாச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

மாசிலாமணி யோசித்தான். "இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தி. பதினோரு வருசம் இருக்கும்ணே."

சடையாண்டி எழுந்து நேராக ஆற்றுத்துறைக்குப் போனான். அங்கே காமாயி என்கிற அம்மாள் சோற்றுக்கடை வைத்திருந்தாள். பணத்தை முன்கூட்டியே கொடுத்து ஓர் ஓலை எழுதி வாங்கினான். 'இந்த ஓலையோடு வரும் மாசிலாமணி, அஞ்சலை இருவருக்கும் அருகருகே இரண்டு இலை போட்டு ஒருவேளை விருந்து. பௌர்ணமி வரை செல்லும்.'

கல்யாணத்தன்று பந்தலில் மொய்வரிசையை உரக்கப் படித்தார்கள். இன்னார் குத்துவிளக்கு, இன்னார் குத்துவிளக்கு என்று ஏழு போயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருப்பது ஒற்றை அறை. அதில் ஏழு விளக்கை வைத்தால் படுப்பது எங்கே? இதை ஒருவரும் யோசிக்கவில்லை. கடைசியில் "விகடகவி சடையாண்டி, ஓலை ஒன்று" என்று படித்ததும் பந்தலே சிரித்தது. சமையற்காரனுக்குச் சாப்பாடா!

விருத்தகிரியார் மட்டும் சிரிக்கவில்லை. விகடகவியின் ஆசனத்தைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். மறுநாள் காலையில் சபையில் எழுந்து நின்றார்.

"மன்னர் பெருமானே, தங்கள் மடைப்பள்ளிச் சமையற்காரன் ஆற்றுத்துறைச் சோற்றுக்கடையில் போய் உண்டால் ஊரார் என்ன பேசுவார்கள்? அரண்மனையில் சோற்றுக்குப் பஞ்சம் என்றல்லவா பேசுவார்கள்? அதுவுமன்றி, உச்சிவேளையில் அவன் அங்கே போய் அமர்ந்துவிட்டால் தங்கள் திருவமுதின் கதி என்ன?"

முதல் கேள்வியில் ராஜாவுக்கு முகம் சுருங்கியது. இரண்டாவதில் கை தன்னால் வயிற்றின் மேல் போயிற்று.

"எழுதுங்கள் ஆணையை" என்றார். "நாம் உண்டு முடித்துக் கை கழுவும் வரை மடைப்பள்ளி ஆட்கள் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சடையாண்டி, உன் பரிசு ஆறிப்போயிற்று."

"மன்னிக்க வேண்டும் மன்னா. அந்த ஓலை பௌர்ணமிக்குள் செல்லுபடியாகியே தீரும்."

"ஆகாவிட்டால்?" என்று விருத்தகிரியார் பாய்ந்தார்.

"என் ஆசனத்தைத் தங்கள் மைத்துனரே எடுத்துக்கொள்ளட்டும்."

ராஜாவும் ஒப்புக்கொண்டார். விருத்தகிரியார் தம் கையாலேயே ஆணையை எழுதி, ராஜ முத்திரையும் வைத்து மடைப்பள்ளிக் கதவில் ஆணியடித்து மாட்டினார்.

பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் சடையாண்டி பட்ட பாடு இருக்கிறதே, கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். ராஜா கை கழுவப் போகிற நேரம் பார்த்து விருத்தகிரியார், "மன்னா, அதிரசத்தைத் தாங்கள் தொடவேயில்லையே" என்பார். ராஜா மறுபடி உட்கார்ந்துவிடுவார். அதிரசம் முடிந்தால் அப்பம், அப்பம் முடிந்தால் பாயசம். அவர் எழுந்திருப்பதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். விளக்கு வைத்தால் காமாயி அடுப்பை அணைத்துவிடுவாள்.

சடையாண்டி காமாயியிடம் போய்க் கெஞ்சினான். "ஆத்தா, ஒரே ஒரு நாள் கொஞ்சம் நேரங்கழிச்சு அணைக்கக் கூடாதா?"

"வெளக்கு வெச்சா அணைச்சிருவேன். உனக்கு ஒரு மாதிரி, ஊருக்கு ஒரு மாதிரியெல்லாம் எங்கிட்டக் கெடையாது."

"சரி, அந்தப் பொண்ணை மட்டும் இன்னிக்கு அனுப்புறேன். அவன் இன்னொரு நாள் வரட்டும்."

"அருகருகே ரெண்டு எலைன்னு நீதானய்யா எழுதச் சொன்ன? எழுதினது எழுதினதுதான்."

அது தன் வாசகம்தான் என்பதால் சடையாண்டியால் யாரையும் திட்டவும் முடியவில்லை. சோற்றைக் கட்டித் தரச் சொல்லி எடுத்துப் போகலாமா என்று பார்த்தான். ஆற்றிலிருந்து அரண்மனை வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போகும். ஆறின சோறு அரண்மனையிலேயே தாராளமாகக் கிடைக்கிறதே!

பௌர்ணமியும் வந்தது. காலையில் சடையாண்டி மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றபோது மாசிலாமணி ஓலையைத் திருப்பி நீட்டினான்.

"இந்தாங்கண்ணே. இதைக் கொடுத்துட்டு ராசா கால்ல விழுந்துருங்க. எங்களால உங்க பொழப்புப் போக வேணாம்."

அஞ்சலை அம்மியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "இவரு உக்காந்து சாப்பிடுறதை ஒரு தடவையாவது பக்கத்துல இருந்து பாக்கணும்னு நெனச்சேன். விடுங்க" என்றாள். அரைப்பது மிளகாய், அதனால் கண்ணில் நீர் வருகிறது என்று அவளே காரணமும் சொன்னாள்.

சடையாண்டிக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் கதவில் தொங்கிய ஆணையைப் பிய்த்து எறியப் போனான். போனவன் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு நாளாக அந்தக் கதவு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தும் அதை ஒருதடவைகூட அவன் படிக்கவில்லை. இப்போது படித்தான். இன்னொரு தடவையும் படித்தான். பிறகு ஆணியை நன்றாக அழுத்திவிட்டு, மாசிலாமணியின் காதில் ஏதோ சொன்னான்.

"அய்யோ, தலை போயிரும்ணே."

"போனா என் தலை. நீ எலையை மட்டும் பாரு."

உச்சிப்பொழுதாயிற்று. சபையார் சுற்றி நிற்க ராஜா வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். சேவகன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான், ராஜா கை கழுவினார். இலையில் உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. ராஜா உப்பைப் பார்த்தார். ஊறுகாயைப் பார்த்தார். பரிமாறுகிறவன் உள்ளே ஓடிப்போய் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"மகாராஜா, உலை கொதிக்கிறது. ஆட்களைக் காணோம்."

"காணோமா? யார் போகச் சொன்னது?"

"தாங்கள்தான் மன்னா" என்று சடையாண்டி முன்னால் வந்தான். கையில் கதவிலிருந்து கழற்றிய ஆணை இருந்தது. "தங்கள் முத்திரையிட்ட ஆணையைப் படிக்கிறேன். 'அரசர் கை கழுவும் வரை மடைப்பள்ளி ஆட்கள் அடுப்பை விட்டு நகரக் கூடாது.' தாங்கள் சற்றுமுன் கை கழுவினீர்கள். அதுவரை அவர்கள் ஓர் அடி நகரவில்லை. இந்தச் சபையே சாட்சி."

"உண்டு முடித்து என்றல்லவா நாம் சொன்னோம்? அந்தச் சொற்கள் எங்கே?"

எல்லோரும் விருத்தகிரியாரைப் பார்த்தார்கள். அவர் ஆணையை எட்டிப் பார்த்தார். "ஓலையில் இடம் போதவில்லை மன்னா. இரண்டு சொல்லுக்காக இன்னோர் ஓலையை வீணாக்குவானேன் என்று..."

ராஜாவுக்கு வந்த எரிச்சலை நான் சொல்லி மாளாது. பசி வேறு. "நடங்கள் ஆற்றுத்துறைக்கு. அவனை நாமே கையோடு பிடித்து வருகிறோம்" என்று கிளம்பிவிட்டார். சபை மொத்தமும் பின்னாலேயே ஓடியது.

காமாயி கடையில் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு ஆவி பறந்தது, மேலே மீன்குழம்பு. ராஜாவைக் கண்டதும் மாசிலாமணி பதறி எழப்போனான்.

"உக்காரு" என்று அதட்டினாள் காமாயி. "எலையில கை வெச்சவங்க பாதியில எந்திரிக்கக் கூடாது. வந்தவுங்களும் நிக்காம உக்காருங்க, அடுத்த எலை போடுறேன்."

ராஜாவை யாரும் இதுவரை அதட்டியதில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடி கேட்டார்.

"மாசிலாமணி, நம் மடைப்பள்ளியில் இல்லாத எது இங்கே இருக்கிறது?"

"சூடு இருக்குதுங்க, மகாராசா" என்றான் அவன். "தினம் நாந்தான் வடிக்கிறேன். ஆனா பதினோரு வருசமா சூடாத் தின்னதில்லீங்க. மறந்தே போச்சுங்க."

ராஜா அடுத்த இலைப் பக்கம் திரும்பினார். அஞ்சலை சாப்பிடாமல் புருஷன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதற்குள் அவருக்கும் இலை வந்தது. ஒரு வாய் வைத்தவுடன் நாக்குச் சுட்டுவிட்டது. சுட்டதும், இரண்டு சொல்லை மிச்சம் பிடித்துத் தன்னைப் பட்டினி போட்ட பொக்கிஷதாரின் முகம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, காமாயி தண்ணீர் கொடுத்தபிறகுதான் ஓய்ந்தார்.

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சடையாண்டிக்குப் போர்த்தினார். "உன் ஆசனம் உன்னுடையதே. இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒவ்வொரு பௌர்ணமியும் இவர்கள் இருவருக்கும் உச்சிவேளை ஓய்வு வேண்டும் மன்னா. காமாயிக்கு அரண்மனைச் செலவில் விருந்தோலை அனுப்ப வேண்டும். அன்று அடுப்பைப் பார்த்துக்கொள்ள, ஆணை எழுதிய கைதான் பொருத்தமாக இருக்கும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அடுத்த பௌர்ணமியன்று விருத்தகிரியார் புகையில் கண் சிவந்து, மீசை கருகி, தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ராஜா கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். விருத்தகிரியாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் கை கழுவிக்கொண்டு, சடையாண்டியையும் கூட்டிக்கொண்டு ஆற்றுத்துறைப் பக்கம் நடந்தார்.